சின்னக் குருவிகளைப் பார்ப்பதால் கடவுள் நம்பிக்கை வருமா?

எனக்கு வந்தது, இலங்கையின் வடக்கே இந்த வன்னியில்தான். ஆறுமணிக் குருவியைப் பாருங்கள், 50, 60 கிராம் உடம்பு, இமயமலை அடிவாரக் காடுகளில் குஞ்சு பொரித்துவிட்டு மாரி தொடங்கும் நேரம் கடல் தாண்டி எங்கள் பாலை, வீரை மரங்களுக்குக் கீழே வந்து சருகைக் கிளறிப் பூச்சி பிடிக்கும், விடியவும் பொழுதுபடவும் விசிலடிக்கும். அப்புறம் வளவிலேயே இருக்கிற தையல்சிட்டு, இலை விளிம்பில் அலகால் துளையிட்டு, சிலந்தி நூலாலும் பஞ்சாலும் தைத்துக் கூடு கட்டுகிறது. யார் பழக்கினார்கள்?

பரிணாமம் என்பீர்கள். சரி, நானும் ஏற்கிறேன். அதைப் படித்தபிறகுதான் எனக்குக் கும்பிடவே தோன்றியது.

விடிய முன்னமே குளக்கட்டுப் பக்கம் போய்ச் சத்தமில்லாமல் இருங்கள். கூட்டுக்குக் கிட்டப் போகவேண்டாம், கண்ணிவெடி எச்சரிக்கைப் பலகை உள்ள காட்டுக்குள்ளும் இறங்கவேண்டாம்.