பொருளாதார நெருக்கடி நேரத்தில் வாகன முன்கண்ணாடி திருத்தும் தொழில் தொடங்கலாமா?

வேலை போய்விட்டது, சேமிப்பு கொஞ்சம்தான், நாட்டு நிலைமையும் சரியில்லை, இந்த நேரத்தில் முன்கண்ணாடி திருத்தும் தொழிலில் இறங்கினால் பிழைக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். பிழைக்கலாம். நான் இறங்கியது 2022 ஜூனில், வவுனியாவில்.

அந்த ஜூன் எப்படி இருந்தது என்று இலங்கையில் இருந்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாயளவில் நின்ற டொலர், மே மாதம் 360 வரை போய்விட்டது. பெற்றோல் லீற்றர் 470 ரூபாய், அந்த விலைக்கும் கிடைக்கவில்லை. மின்வெட்டு வேறு. நான் கணக்கு எழுதிக்கொண்டிருந்த கடையையும் மூடிவிட்டார்கள்.

அதற்கு முன்பு கத்தாரின் டோஹாவில் ஒரு வாகனக் கண்ணாடிக் கடையில் ஆறு வருடம் வேலை செய்திருந்தேன். 2020இல் கொரோனாக் காலத்தில் திரும்பியபோது கொண்டுவந்த சாமான் பெட்டி அலுமாரிக்கு மேலே கிடந்தது. வெடிப்பை நிரப்பும் பிசினான ரெசினை உள்ளே தள்ளும் இன்ஜெக்டர், அதைக் கண்ணாடியில் பிடித்து வைக்கிற ஸ்டாண்ட், ரெசினை இறுக வைக்கிற யூவி லைட், ஊசிகள், பிளேட்டுகள். ரெசின் மட்டும் பழுதாகிவிட்டது. லீவில் வந்த நண்பர் ஒருவர் புதுப் போத்தல்கள் கொண்டுவந்து தந்தார். ஒரு கல்லடிக்கு, அதாவது கல் பட்ட வெடிப்புக்கு, சில துளிகள்தான் போகும் என்பதால் அதுவே மாதக்கணக்கில் போதுமாக இருந்தது.

இந்தத் தொழிலுக்கு ஏன் அப்போது வேலை இருந்தது என்பதைக் கவனியுங்கள். 2020 மார்ச்சிலேயே வாகன இறக்குமதியை நிறுத்திவிட்டார்கள். புது வாகனம் வராது, கையில் இருக்கிற பழையதை எப்படியாவது ஓட்ட வேண்டும். முன்கண்ணாடியும் டொலர் கொடுத்து வரவேண்டிய சாமான். ஒரு ஹையேஸ் வானுக்குப் புதுக் கண்ணாடி போட ஒரு லட்சத்துக்கு மேலே கேட்டார்கள், அதுவும் கொழும்பிலிருந்து வரும்வரை காத்திருக்க வேண்டும். நான் திருத்தக் கூலியாக வாங்கியது 3,500 ரூபாய். நல்ல காலமாக இருந்திருந்தால் அந்த ஆட்கள் கண்ணாடியை மாற்றிவிட்டுப் போயிருப்பார்கள்.

கடை எடுக்கவில்லை. கடனும் எடுக்கவில்லை. அந்த ஏப்ரலில்தான் மத்திய வங்கி ஒரே நாளில் வட்டியை 7 சதவீதப் புள்ளி உயர்த்தியிருந்தது. நீங்களும் எடுக்காதீர்கள். மாத வாடகையும் வட்டியும் கழுத்தைப் பிடித்தால், செய்யக்கூடாத கண்ணாடியையும் செய்யச் சொல்லும்.

என் மோட்டார் சைக்கிளில் எண்ணெய் இல்லை. ஆட்களைத் தேடிப் போக வழியில்லை என்று இரண்டு நாள் யோசித்துக்கொண்டு இருந்தேன். பிறகுதான் உறைத்தது, ஊரிலுள்ள வாகனமெல்லாம் எரிபொருள் நிலையத்து வரிசையில்தானே நிற்கிறது! சாமான் பெட்டியைச் சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு காலை ஆறு மணிக்கே போனேன். கிலோமீற்றர் கணக்கில் வரிசை. ஒவ்வொரு வாகனமாகப் பார்த்துக்கொண்டே நடந்தேன். ஏ9 வீதியில் டிப்பருக்குப் பின்னால் ஓடிய வாகனம் என்றால் கண்ணாடியில் ஒரு கல்லடியாவது இருக்கும்.

முதல் வேலை ஒரு ஹையேஸ். பயணிகள் பக்கத்தில் நட்சத்திரம் மாதிரி ஐந்து கால் விட்டிருந்தது. “தம்பி, இது மாறுமோ, இல்லாட்டி மேலால பூசி விடுறியோ?” என்று கேட்டார் சாரதி அண்ணை. பூசுகிற வேலை இல்லை அண்ணை, உள்ளுக்குப் போகும், பாருங்கோ என்றேன்.

முன்கண்ணாடி இரண்டு கண்ணாடித் தகடு, நடுவில் ஒரு பிளாஸ்டிக் படலம். கல் பட்டால் பெரும்பாலும் வெளித் தகடு மட்டும்தான் வெடிக்கும். வெடிப்புக்குள் காற்று நிற்பதால்தான் அது கண்ணுக்குத் தெரிகிறது. குழியிலுள்ள துகளை ஊசியால் எடுத்தேன், ஈரமில்லை என்று பார்த்தேன், இன்ஜெக்டரைப் பொருத்தினேன். அழுத்தம், பிறகு உறிஞ்சல், திரும்பவும் அழுத்தம். உள்பக்கத்தில் ஒரு சின்ன முகக் கண்ணாடியைப் பிடித்துப் பார்க்கச் சொன்னேன். கறுப்பாக நின்ற கால்கள் நடுவிலிருந்து நுனியை நோக்கி ஒவ்வொன்றாக அழிந்துகொண்டு போயின. கடைசிக் காலின் நுனி மட்டும் பிடிவாதமாக நின்றது, அதற்குக் கால் மணித்தியாலம் எடுத்தது. யூவி லைட்டுக்கு மின்சாரம் வானின் சிகரெட் லைட்டர் துளையிலிருந்து. குழியை நிரப்பி, பிளேட்டால் சுரண்டி, துடைத்தபோது ஊசி குத்திய மாதிரி ஒரு புள்ளி மட்டும் மிச்சம். பின்னால் நின்ற கார்க்காரர் தானாக வந்து தன் கண்ணாடியைக் காட்டினார். அந்த வரிசையில் மூன்று வாரம் வேலை செய்தேன்.

வெயிலை மட்டும் கவனியுங்கள். நேரடி வெயிலில் ரெசின் உள்ளே போவதற்குள் இறுகத் தொடங்கிவிடும். கண்ணாடியும் கொதிக்கும். காலையில் செய்யுங்கள், இல்லாவிட்டால் குடை பிடித்து நிழலில் ஆறவிடுங்கள். ஆற வைக்கிறேன் என்று குளிர்ந்த தண்ணீர் ஊற்றிவிடாதீர்கள், வெடிப்பு ஓடிவிடும்.

என் கையிலும் ஒன்று ஓடியது. இரண்டாவது வாரம், ஒரு காரில் இன்ஜெக்டரைக் கூடுதலாக இறுக்கிவிட்டேன். டிக் என்று ஒரு சத்தம். விரலளவு கோடு விளிம்புவரை போய்விட்டது. வெடிப்பு ஓடவும் கூடும் என்று தொடங்குமுன் அவரிடம் சொல்லியிருக்கவில்லை. அது என் பிழை. பழைய கண்ணாடி ஒன்று தேடிப் போட்டுக் கொடுத்தேன், கையிலிருந்த காசு அதோடு போயிற்று. அதன்பிறகு சொல்லாமல் ஒரு கண்ணாடியையும் தொட்டதில்லை. ஓடினால் கூலி வாங்க மாட்டேன், ஆனால் கண்ணாடி உங்கள் பொறுப்பு என்று முதலே பேசிவிடுவேன். சிலர் வேண்டாம் என்று போவார்கள், போகட்டும்.

மறுக்க வேண்டியவையும் இருக்கின்றன. உள்தகடும் வெடித்திருந்தால் செய்யாதீர்கள். விளிம்பைத் தொட்ட நீளக் கோட்டை நான் எடுப்பதில்லை. சாரதியின் கண்ணுக்கு நேரே பெரிய அடி என்றால், திருத்தினாலும் ஒரு தழும்பு நிற்கும், இரவில் எதிர் வெளிச்சம் அதில் சிதறும். பக்கக் கண்ணாடி வேறு சாதி, உடைந்தால் பொலபொலவென்று கொட்டிவிடும், அதற்கு மருந்தில்லை. சூப்பர் குளூ விட்டுக்கொண்டு வருகிறவர்களும் உண்டு. பசை இறுகிய இடத்துக்குள் ரெசின் போகாது. காசில்லாத காலத்தில் ஒருவரிடம் மாற்றத்தான் வேண்டும் என்று சொல்வது கஷ்டமாக இருக்கும். ஆனால் அந்த வானுக்குள் பிள்ளைகள் இருப்பார்கள்.

ஆகஸ்டில், கியூஆர் குறியீட்டைக் காட்டி அளவோடு எரிபொருள் வாங்கும் முறை நிலைத்ததும் வரிசை கரைந்துவிட்டது. வானுக்குக் கிழமைக்கு 20 லீற்றர். என் வேலை கராஜ்களுக்கும், கட்டுநாயக்கா விமான நிலையத்துக்கு ஆட்களை ஏற்றுகிற வான்களுக்கும் மாறியது. அந்த வருடம் எத்தனை பேர் நாட்டை விட்டுப் போனார்கள் என்பதை அந்த வான்களின் கண்ணாடியைப் பார்த்தே நான் தெரிந்துகொண்டேன். வேலை அனுப்புகிற கராஜ்காரருக்கு ஒரு பங்கு கொடுங்கள், கணக்கை அன்றன்றே முடியுங்கள்.

2025 பெப்ரவரியிலிருந்து திரும்பவும் வாகனங்கள் வருகின்றன. புதியவற்றில் பலதுக்கு முன்கண்ணாடிக்குப் பின்னால், முன்னாலுள்ள பாதையைக் கவனிக்கிற கமெரா இருக்கிறது. அதன் பார்வைக்கு நேரே அடி பட்டிருந்தால் நான் கைவைப்பதில்லை. மற்ற இடமென்றால் திருத்தத்தான் எல்லோரும் விரும்புகிறார்கள். மாற்றினால் கமெராவையும் சரிபார்த்து அமைக்க வேண்டும், செலவு கூடும்.

நீங்கள் காசைக் கொட்டுவதற்கு முன்பு ஒன்று செய்யுங்கள். கராஜ்களின் பின்பக்கம் கழற்றிப்போட்ட முன்கண்ணாடிகள் சாத்திக் கிடக்கும். கேட்டால் சும்மா தருவார்கள். ஆணியை வைத்துத் தட்டி நீங்களே அடி உண்டாக்கி, முப்பது நாற்பதைத் திருத்திப் பாருங்கள். எனக்குக் கடைசிக் காலின் நுனி பிடிபட அவ்வளவு தேவைப்பட்டது.