வேத கேள்வி பதில்: யோசியா இடித்த மேடைகளும் தொடாத அடுப்பும்

கேள்வி: யூதாவை ஆண்ட யோசியாவைப் போல முழு இருதயத்தோடு கர்த்தரிடம் திரும்பிய ராஜா அவருக்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை என்று வேதம் சொல்கிறது. ஆனால் அவர் இறந்து 23 வருடத்தில் எருசலேம் எரிந்துபோனது. பெற்ற பிள்ளைகளே அவர் வழியில் நடக்கவில்லை. அவ்வளவு பெரிய சீர்திருத்தத்தால் என்னதான் பயன்?
— ஓய்வுபெற்ற ஆசிரியை, நாசரேத்

பதில்: அம்மா, யோசியா செய்ததை முதலில் ஒருமுறை பார்த்துவிடுவோம். ஆலயத்துக்குள்ளேயே பாகால் என்ற அந்நிய தெய்வத்துக்கு வைத்திருந்த பணிமுட்டுகளை வெளியே எடுத்து, கீதரோன் வெளியில் சுட்டெரித்து, சாம்பலைப் பெத்தேலுக்குக் கொண்டுபோகச் செய்தார். பிள்ளைகளை மோளேகு என்ற தெய்வத்துக்குத் தீயில் பலியாக்கிய தோப்பேத் என்ற இடத்தைத் தீட்டாக்கினார். சூரியனுக்கென்று ஆலய வாசலில் விட்டிருந்த குதிரைகளை அகற்றினார். சாலொமோன் காலத்திலிருந்து 300 வருடம் நின்ற மேடைகளையும், அதாவது மலைமேல் இருந்த வழிபாட்டு இடங்களையும், விடவில்லை. இதில் எதையும் நான் சிறிதாக நினைக்கவில்லை. தோப்பேத்தில் ஒரு குழந்தை பிழைத்திருந்தால்கூட அதுவே போதும்.

ஆனால் அதே காலத்துத் தீர்க்கதரிசி எரேமியாவின் புஸ்தகத்தில் 7-ம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். பிள்ளைகள் விறகு பொறுக்குகிறார்கள், தகப்பன்மார் நெருப்பு மூட்டுகிறார்கள், பெண்கள் மாவு பிசைகிறார்கள். எல்லாம் வானராக்கினி என்ற பெண் தெய்வத்துக்குப் பணியாரம் சுட. இது மலைமேல் நடந்த வழிபாடு அல்ல, வீட்டு அடுப்பங்கரையில் நடந்தது. மலைமேல் இருந்ததை ராஜாவின் ஆட்கள் இடித்துவிடலாம். ஒவ்வொரு வீட்டு அடுப்பையும் யார் போய்ப் பார்ப்பது?

அதைவிட வேதனையான இடம் 44-ம் அதிகாரம். எருசலேம் அழிந்தபின் எகிப்துக்கு ஓடிப்போனவர்கள் எரேமியாவின் முகத்துக்கு நேராகவே சொல்கிறார்கள்: வானராக்கினிக்குத் தூபங்காட்டிய நாளில் வயிறாரச் சாப்பிட்டோம், அதை நிறுத்தியதுமுதல் எங்களுக்கு எல்லாம் குறைவுதான் என்று. நிறுத்தியது யோசியா காலத்தில்தான் என்று நான் வாசிக்கிறேன். அப்புறம் வந்ததெல்லாம் போரும் பஞ்சமும். ஆக, ஜனங்களின் கணக்கில் சீர்திருத்தமே துன்பத்துக்குக் காரணம்! யூதா முழு மனதோடு திரும்பவில்லை, பாசாங்காகத்தான் திரும்பினாள் என்று கர்த்தர் எரேமியாவிடம் சொன்னதும் இதே யோசியாவின் நாட்களில்தான்.

சரி, அப்படியானால் எல்லாம் வீணா? இல்லவே இல்லை. அரண்மனையை விட்டுவிட்டு சம்பிரதியாகிய, அதாவது ராஜாவின் எழுத்தராகிய, சாப்பானின் வீட்டைப் பாருங்கள். கி.மு. 622 வாக்கில், ஆலயப் பழுதுபார்ப்பின்போது பிரதான ஆசாரியன் இல்க்கியா கண்டெடுத்த நியாயப்பிரமாண புஸ்தகத்தை ராஜாவுக்கு வாசித்துக் காட்டியவர் இந்தச் சாப்பான்தான். கேட்ட ராஜா வஸ்திரத்தைக் கிழித்துக்கொண்டார். ஏறக்குறைய 18 வருடம் கழித்து, அதே யோசியாவின் மகன் யோயாக்கீம் குளிர்கால மாளிகையில் கணப்புக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறான். எரேமியாவின் சுருளை யெகுதி என்பவர் வாசிக்க வாசிக்க, மூன்று நான்கு பத்தி முடிந்ததும் சூரிக்கத்தியால் அறுத்து நெருப்பில் போடுகிறான். வஸ்திரத்தை ஒருவரும் கிழித்துக்கொள்ளவில்லை என்று வேதம் குறிப்பாகச் சொல்கிறது. "எரிக்க வேண்டாம்" என்று கெஞ்சிய மூன்று பேரில் ஒருவர் கெமரியா. அவர் சாப்பானின் மகன்!

அந்தச் சுருளை முதலில் ஜனங்களுக்கு வாசித்ததே கெமரியாவின் அறையிலிருந்துதான். அதைக் கேட்டுப் பிரபுக்களிடம் போய்ச் சொன்ன மிகாயா, சாப்பானின் பேரன். எரேமியாவைக் கொல்ல ஜனங்கள் துடித்தபோது காப்பாற்றிய அகீக்காம், சாப்பானின் இன்னொரு மகன். பாபிலோனில் சிறையிருந்தவர்களுக்கு எரேமியா எழுதிய கடிதத்தைக் கொண்டுபோன எலெயாசாவும் சாப்பானின் குமாரன் என்றே எழுதியிருக்கிறது. ராஜாவின் வீட்டில் ஒரு தலைமுறைகூட நிற்காத வார்த்தை, அதை வாசித்துக் காட்டியவரின் வீட்டில் மூன்று தலைமுறை நின்றது. தாவீதின் நகரத்தில் 1982-ல் தோண்டியபோது "சாப்பானின் மகன் கெமரியா" என்று பொறித்த களிமண் முத்திரை ஒன்று கிடைத்தது. எருசலேமை எரித்த தீயில் அங்கிருந்த சுருள்களெல்லாம் சாம்பலாயின, முத்திரைகள் மட்டும் சுட்ட மண்ணாக இறுகி நிலைத்துவிட்டன. உங்கள் கேள்விக்கு என்னுடைய பதில் அந்தக் குடும்பம்தான், அம்மா.

கேள்வி: எரேமியா இருக்கும்போது, கிடைத்த புஸ்தகத்தைப் பற்றி விசாரிக்க ஏன் தீர்க்கதரிசினியாகிய உல்தாளிடம் போனார்கள்?
— வாசகர், மார்த்தாண்டம்

பதில்: காரணத்தை வேதம் சொல்லவில்லை. எரேமியா ஊழியத்துக்கு அழைக்கப்பட்டது யோசியாவின் 13-ம் வருடம், புஸ்தகம் கிடைத்தது 18-ம் வருடம். ஆகவே அவர் இன்னும் இளைஞர். உல்தாளோ எருசலேமிலேயே குடியிருந்தவர், கணவர் சல்லூம் வஸ்திரசாலை விசாரிப்புக்காரர். பிரதான ஆசாரியனும் சம்பிரதியும் சேர்ந்து ஒரு பெண்ணின் வீட்டு வாசலுக்குப் போனார்கள். அது அங்கே யாருக்கும் ஆச்சரியமாகத் தெரியவில்லை. அவரும் ராஜா என்பதற்காகப் பேச்சைத் தேனில் குழைக்கவில்லை. "உங்களை என்னிடத்தில் அனுப்பின மனுஷனுக்குச் சொல்லுங்கள்" என்றுதான் ஆரம்பிக்கிறார். சபைகளில் பெண்கள் வேதத்தை விளக்கலாமா என்று இன்னும் விவாதிப்பவர்கள் இந்த அதிகாரத்தை நிதானமாக வாசிக்க வேண்டும்.

கேள்வி: யோசியா பெத்தேலில் கல்லறைகளைத் தோண்டி எலும்புகளை எரித்தார், சமாரியாவின் பட்டணங்களில் மேடைகளின் ஆசாரியர்களைக் கொன்றார். எங்கள் வாலிபர் கூட்டத்தில் ஒரு அண்ணன், "நமக்கும் அந்த வைராக்கியம் வேண்டும்" என்று பேசினார். எனக்கு உறுத்தலாக இருக்கிறது.
— கல்லூரி மாணவர், தூத்துக்குடி

பதில்: தம்பி, உங்கள் உறுத்தல் சரியானது. யோசியா உடன்படிக்கை ஜனத்தின் ராஜா. தன் முன்னோர்களின் ராஜ்யமாயிருந்த தேசத்தில், தன் ஜனம் முறித்துப்போட்ட உடன்படிக்கைக்காகச் செய்தார். அந்த அதிகாரமும் அந்த உடன்படிக்கையும் இன்று யார் கையிலும் இல்லை. இயேசு சீஷர்களை அனுப்பியபோது கையில் பட்டயத்தையோ சம்மட்டியையோ கொடுத்து அனுப்பவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் கும்பிடும் இடத்தில் கை வைப்பது வைராக்கியம் அல்ல, பாவம். அதை நான் ஒளிவுமறைவில்லாமல் சொல்கிறேன்.

அவர் எங்கே ஆரம்பித்தார் என்றும் பாருங்கள். புஸ்தகத்தை வாசித்துக் கேட்டபின் முதலில் ஆலயத்தைச் சுத்தம் செய்தார். தாத்தா மனாசே கட்டிய பலிபீடங்களை இடித்தார். மூதாதை ஆகாசின் மேல்வீட்டில் இருந்தவற்றையும் விடவில்லை. எல்லாம் சொந்தக் குடும்பம் செய்தது.

இன்னொன்று. பிற்காலத்தில் யோயாக்கீமைக் கண்டிக்கும்போது கர்த்தர் அவன் தகப்பனை எதற்காகப் பாராட்டினார்? எரேமியா 22-ல் இருக்கிறது. கூலி கொடுக்காமல் ஆட்களை வேலைவாங்கி, கேதுரு மரத்தில் மாளிகை கட்டினான் மகன். தகப்பனோ ஏழை எளியவர்களின் வழக்கை நியாயமாய் விசாரித்தார், அதுவல்லவோ என்னை அறிகிற அறிவு என்கிறார் கர்த்தர். இடித்த மேடைகளைப் பற்றி அங்கே ஒரு வார்த்தைகூட இல்லை. அடுத்த கூட்டத்தில் அந்த அண்ணனை இந்தப் பகுதியிலிருந்து பேசச் சொல்லுங்கள்.

கேள்வி: "சமாதானத்தோடே கல்லறையில் சேர்வாய்" என்று உல்தாள் சொன்னார். ஆனால் யோசியா மெகிதோவில் அம்புபட்டு இறந்தாரே?
— வாசகி, வேலூர்

பதில்: கி.மு. 609-ல், 39 வயதில். பார்வோன் நேகோ, "உனக்கு விரோதமாய் நான் வரவில்லை, வழியை விடு" என்று ஆள் அனுப்பியும் யோசியா கேட்கவில்லை, வேஷம் மாறிப் போருக்குப் போனார். தேவன் நேகோவின் வாயினால் பேசியதை அவர் கேட்கவில்லை என்று நாளாகமம் துணிந்து எழுதுகிறது. உல்தாளின் வாக்கை அந்த வசனத்தின் மீதியோடு சேர்த்து வாசியுங்கள்: இந்த நகரத்துக்கு வரும் பொல்லாப்பை உன் கண்கள் காண்பதில்லை. அது அப்படியே நடந்தது. 586-ல் ஆலயம் எரிந்ததை யோசியா பார்க்கவில்லை. ஆனாலும் அந்த மரணம் எனக்கு ஆறாத துக்கம்தான். எரேமியாவே அவருக்காகப் புலம்பல் பாடியிருக்கிறார்.

கேள்வி: ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்கு யோசியாவை எப்படிச் சொல்லிக்கொடுப்பது?
— ஞாயிறு பள்ளி ஆசிரியை, திண்டுக்கல்

பதில்: 8 வயதில் ராஜாவானார் என்று சொன்னதுமே பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருவார்கள். ஆனால் அதோடு நிறுத்திவிடாதீர்கள். 16 வயதில் தேவனைத் தேட ஆரம்பித்ததையும், 20 வயதில் தேசத்தைச் சுத்திகரிக்கத் தொடங்கியதையும், 26 வயதில் புஸ்தகம் கிடைத்ததையும் வரிசையாகச் சொல்லுங்கள். ஆலயப் பழுதுபார்ப்புக்கான பணத்தைக் கையில் வாங்கியவர்களிடம் கணக்கே கேட்கவில்லை, அவ்வளவு உண்மையாய் நடந்துகொண்டார்கள் என்ற வசனத்தை விட்டுவிட வேண்டாம். அடுத்த வாரம் எரேமியா 36. என் வகுப்புப் பிள்ளைகள் யோயாக்கீமின் கத்தியை மறப்பதே இல்லை. வஸ்திரம் கிழித்த தகப்பன், சுருளைக் கிழித்த மகன் என்று அவர்களே சொல்லிவிடுவார்கள்.