ஆத்தங்குடிக் கல் கேட்டேன், அச்சு டைல்ஸ் பதித்துவிட்டார்: என்ன செய்வது?

கேள்வி: நான் ஓய்வு பெற்ற ஆசிரியை. புதுக்கோட்டை மாவட்டத்தில் எங்கள் சொந்த மனையில், நடுவில் முற்றம் வைத்து ஆசை ஆசையாக ஒரு வீடு கட்டுகிறோம். கான்ட்ராக்டரிடம் 42 லட்சத்துக்கு ஒப்பந்தம்; 36 லட்சம் கொடுத்தாகிவிட்டது. கூடத்துக்கும் பத்திக்கும் (முற்றத்தைச் சுற்றிய தாழ்வாரம்) ஆத்தங்குடி டைல்ஸ், தூண்களுக்கும் கூடத்துச் சுவருக்கும் செட்டிநாடு சுண்ணாம்புப் பூச்சு, செதுக்கு வேலையோடு தலைவாசல் என்று ஒப்பந்தத்தில் எழுதியிருக்கிறது. மகளின் பிரசவத்துக்காக வெளியூர் போய்விட்டுத் திரும்பினால், தரையில் அதே டிசைன் அச்சடித்த கம்பெனி டைல்ஸ். சுவரில் வெள்ளை சிமெண்டும் பட்டியும். கேட்டால், "கைவேலை என்றால் முன்னே பின்னே இருக்கத்தான் செய்யும், பார்வைக்கு ஒன்றுதானே" என்கிறார். தலைவாசலுக்கு என் தாத்தா வீட்டைப் பிரித்தபோது எடுத்து வைத்த பர்மா தேக்கைக் கொடுத்திருந்தேன். கான்ட்ராக்டர் கூலி பாக்கி வைத்திருக்கிறார் என்று ஆசாரி அதைத் தர மறுக்கிறார். தகராறு வந்தால் மத்தியஸ்தரிடம்தான் போக வேண்டும் என்றும் ஒப்பந்தத்தில் இருக்கிறது. தை மாதம் கிரகப்பிரவேசம். குடி போனால் எங்கள் உரிமை போய்விடுமா?

பதில்:

அம்மா, முதலில் நிம்மதியாக இருங்கள். குடி போவதால் உங்கள் உரிமை எதுவும் போகாது. மனை உங்களுடையது, வீடும் உங்களுடையது. உங்கள் வீட்டில் நீங்கள் பால் காய்ச்சுவதை, "வேலையெல்லாம் திருப்தி" என்று எழுதிக் கொடுத்ததாக யாரும் எடுத்துக்கொள்ள முடியாது. ஆனால் குடி போவதற்கு முன்பே, இன்னின்ன வேலைகள் ஒப்பந்தப்படி இல்லை, இதை ஏற்றுக்கொள்ளாமல்தான் குடி வருகிறோம் என்று கான்ட்ராக்டருக்கு ஸ்பீடு போஸ்ட்டில், சேர்த்ததற்கான அத்தாட்சியுடன் கடிதம் அனுப்பிவிடுங்கள். அவர் ஏதாவது "பணி நிறைவுக் கடிதம்" கொண்டுவந்து நீட்டினால் கையெழுத்துப் போடாதீர்கள்.

உங்கள் வழக்கு நிற்கப்போகும் இடம் ஒன்றே ஒன்றுதான். கைவேலையில் இயல்பாக வரும் வித்தியாசம் வேறு; பொருளையே மாற்றி வைப்பது வேறு. கான்ட்ராக்டர் முதலாவதைச் சொல்லி இரண்டாவதை மறைக்கப் பார்க்கிறார். ஆத்தங்குடிக் கல்லைக் கண்ணாடித் தட்டின் மேல் இரும்பு அச்சு வைத்து, வண்ண சிமெண்டுக் கலவையைக் கையால் ஊற்றி, அதன் மேல் மணலும் சிமெண்டும் இட்டுச் செய்கிறார்கள். சூளையில் சுடுவதில்லை, தண்ணீரில் ஊறப்போட்டுக் காயவைக்கிறார்கள். அதனால் ஒரு கல்லின் சிவப்பு இன்னொன்றில் கொஞ்சம் மங்கியிருக்கும், பூவின் ஓரம் சற்றே நகர்ந்திருக்கும். அதற்காக நீங்கள் வழக்குப் போட்டிருந்தால், போகாதீர்கள் என்று நானே சொல்லியிருப்பேன். உங்கள் தரையில் இருப்பதோ சுட்ட டைல்ஸின் மேல் அச்சடித்த படம். ஒவ்வொன்றும் அச்சு அசலாக ஒன்றுபோலவே இருக்கிறது என்பதுதான் அவருடைய "முன்னே பின்னே" வாதத்துக்கு முதல் பதில்.

இதை நிரூபிக்கப் பெரிய பரிசோதனைக்கூடம்கூடத் தேவைப்படாமல் போகலாம். வேலையிடத்தில் மிச்சமான டைல்ஸ் கட்டாயம் கிடக்கும். ஒன்றை எடுத்துத் திருப்பிப் பாருங்கள். ஆத்தங்குடிக் கல்லின் முதுகு வெறும் சிமெண்டும் மணலுமாகக் கனமாக இருக்கும். கம்பெனி டைல்ஸின் முதுகில் வரிவரியாக அச்சும், பல சமயம் கம்பெனி முத்திரையும் இருக்கும். மிச்ச டைல்ஸையும் காலிப் பெட்டிகளையும் இன்றைக்கே பூட்டி வையுங்கள். பெட்டி மேல் இருக்கும் பெயரும் தொகுப்பு எண்ணும் நல்ல சாட்சி. டிசைன் தேர்வு செய்ய ஆத்தங்குடிப் பட்டறைக்குக் கான்ட்ராக்டரோடு போயிருந்தால் அந்தப் படங்கள், வாட்ஸ்அப் செய்திகள் எதையும் அழிக்காதீர்கள். போனையும் மாற்றாதீர்கள். மின்னணுப் பதிவைச் சாட்சியமாகக் காட்ட பாரதிய சாக்ஷ்ய அதினியம் என்ற புதிய சாட்சியச் சட்டத்தின் 63-ஆவது பிரிவின்படி ஒரு சான்றிதழ் வேண்டும். செய்தி இருந்த போன் கையில் இருந்தால் அந்த வேலை எளிது.

இன்னொன்று. மனம் பொறுக்காமல் டைல்ஸைப் பெயர்த்துவிடாதீர்கள். சுவரையும் சுரண்டாதீர்கள். நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுத்ததும், வழக்கறிஞர் ஆணையர் (ஆணையம் நியமித்து அனுப்பும் வழக்கறிஞர்) ஒருவர் பொறியாளருடன் வந்து பார்த்து அறிக்கை தர வேண்டும் என்று தனி மனு போடலாம். அவர் வரும்போது தரை அப்படியே இருக்க வேண்டும். சுவர்தான் இதில் கொஞ்சம் சிக்கலான பகுதி. சுண்ணாம்பு, கடுக்காய், முட்டை வெள்ளைக்கரு என்று பல பூச்சாகச் செய்து தேய்த்து மெருகேற்றும் வேலையையும், வெள்ளை சிமெண்டு மேல் பட்டி பார்த்ததையும் புகைப்படத்தில் பிரித்துக் காட்டுவது கடினம். சுவரிலிருந்து மாதிரி எடுத்து ஆய்வுக்கு அனுப்ப வேண்டும் என்று ஆணையத்தையே கேளுங்கள். அதற்குச் சட்டத்தில் இடம் இருக்கிறது. நீங்களாகச் சுரண்டி எடுத்த தூளை எதிர்த்தரப்பு, "எந்தச் சுவரில் எடுத்தார்களோ" என்று ஒரே வரியில் தள்ளிவிடும்.

எங்கே புகார் கொடுப்பது? பலரும் ரெரா எனப்படும் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்துக்கு ஓடுகிறார்கள். அது வீடோ மனையோ விற்கிற புரொமோட்டர்களுக்கான அமைப்பு. சொந்த மனையில் ஆள் வைத்துக் கட்டும் உங்களுக்கு அது பொருந்தாது. உங்களுக்கு உரிய இடம் மாவட்ட நுகர்வோர் ஆணையம். வீடு கட்டித் தருவது ஒரு சேவை என்று உச்ச நீதிமன்றம் 1993-லேயே லக்னோ வளர்ச்சி ஆணையம் எதிர் எம்.கே. குப்தா வழக்கில் சொல்லிவிட்டது. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் 'சேவை' என்பதன் விளக்கத்திலேயே வீடு கட்டுமானம் இருக்கிறது. எந்த ஆணையம் என்பதை நீங்கள் கேட்கும் இழப்பீட்டை வைத்துப் பார்ப்பதில்லை, கொடுத்த பணத்தை வைத்துத்தான் பார்க்கிறார்கள். 50 லட்சம் வரை மாவட்ட ஆணையம். உங்கள் 36 லட்சத்துக்குக் கட்டணம் 1,000 ரூபாய். நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே தாக்கல் செய்யலாம், கான்ட்ராக்டரின் ஊருக்கு அலைய வேண்டாம். நுகர்வோர் புகார்களுக்கான அரசின் இ-ஜாக்ரிதி தளம் வழியாக இணையத்திலும் முடியும். வழக்கறிஞர் கட்டாயம் இல்லை. ஆனால் ஆணையர் மனு, ஆய்வு மனு என்று போகும் வழக்கு இது, ஒருவரை வைத்துக்கொள்வது நல்லது.

காலக்கெடு இரண்டு ஆண்டு. நீங்கள் ஊரில் இல்லாதபோது வேலை நடந்ததால், தெரிய வந்த நாளிலிருந்து எண்ணலாம் என்று வாதாடலாம்தான். அந்த வாதத்துக்கே இடம் வைக்காமல், டைல்ஸ் பதித்த நாளிலிருந்து எண்ணிக்கொண்டு சீக்கிரம் தாக்கல் செய்யுங்கள்.

மத்தியஸ்தர் விதியைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். அப்படி ஒரு விதி இருந்தாலும் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகத் தடையில்லை என்று எம்மார் எம்ஜிஎஃப் எதிர் அஃப்தாப் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2018-ல் தெளிவாகச் சொல்லியிருக்கிறது.

போலீசில் மோசடிப் புகார் கொடுக்கச் சொல்லி அக்கம்பக்கத்தில் ஆலோசனை வரும். ஒப்பந்தத்தை மீறினார் என்பது மட்டுமே மோசடி ஆகிவிடாது. ஆரம்பத்திலேயே ஏமாற்றும் எண்ணம் இருந்தது என்று காட்ட வேண்டும். ஆத்தங்குடிப் பட்டறை பெயரில் போலி பில் கொடுத்துப் பணம் வாங்கியிருந்தால் அது வேறு விஷயம். பில்களை ஒரு முறை எடுத்துப் பாருங்கள்.

சரி, என்ன கிடைக்கும்? குறையைச் சரிசெய்து தரச் சொல்லலாம், அல்லது மாற்றிச் செய்ய ஆகும் செலவு, மன உளைச்சலுக்கான இழப்பீடு, வழக்குச் செலவு கேட்கலாம். இரண்டு வகை டைல்ஸுக்கும் உள்ள விலை வித்தியாசத்தைக் கொடுத்துவிட்டால் போதும் என்று கான்ட்ராக்டர் தரப்பு நிச்சயம் வாதாடும். அதற்கு நீங்கள் இப்போதே தயாராக வேண்டும். டைல்ஸைப் பெயர்த்து, தரையைச் சமப்படுத்தி, ஆத்தங்குடிக் கல்லைப் பதிக்க எவ்வளவு ஆகும் என்று ஒரு பொறியாளரிடம் எழுத்துப்பூர்வ மதிப்பீடு வாங்கி இணையுங்கள். இந்த வீட்டின் உயிரே இந்தத் தரையும் சுவரும்தான் என்பது ஒப்பந்தத்தைப் படித்தாலே தெரிய வேண்டும். டைல்ஸின் விலையை மட்டும் பேசினால் பாதி நியாயம் போய்விடும்.

மீதி 6 லட்சத்தை மொத்தமாக நிறுத்தி வைக்காதீர்கள். குறையில்லாமல் முடிந்த வேலைக்கு உரியதைக் கொடுங்கள். குறையான வேலைக்கு மதிப்பீட்டில் வரும் தொகையை மட்டும், காரணத்தை எழுதிச் சொல்லி நிறுத்துங்கள். இல்லையென்றால், பணம் தராததால்தான் வேலை நின்றது என்று கதை திரும்பிவிடும். அவர் சிவில் நீதிமன்றத்துக்கும் போகலாம்.

இப்போது தலைவாசல். தாத்தா வீட்டு மரத்தை ஆசாரி தர மறுக்கிறார் என்று நீங்கள் எழுதிய வரியில் உங்கள் தவிப்பு தெரிகிறது. ஆனால் ஆசாரி சொல்வதிலும் நியாயம் இருக்கிறது, சட்டமும் ஓரளவு அவர் பக்கம்தான். ஒப்படைத்த பொருளில் தன் உழைப்பையும் திறமையையும் போட்டவர், அந்த வேலைக்கான கூலி வரும்வரை பொருளைப் பிடித்து வைத்துக்கொள்ளலாம் என்கிறது இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 170-ஆவது பிரிவு. பட்டை தீட்டக் கொடுத்த வைரத்தைக் கூலி வாங்கும்வரை நகைத் தொழிலாளி வைத்திருக்கலாம் என்று அந்தச் சட்டமே உதாரணம் தருகிறது. ஆனால் அந்த உரிமை இந்தத் தலைவாசலில் செய்த வேலைக்கான கூலிக்கு மட்டும்தான். வேறு கட்டடங்களில் கான்ட்ராக்டர் வைத்த பழைய பாக்கிக்காக உங்கள் மரத்தைப் பிடித்து வைக்க முடியாது. அது தன்னிடம் இருக்கும்வரை மழையும் கரையானும் படாமல் பார்த்துக்கொள்வதும் அவர் பொறுப்பு.

ஆகவே ஆசாரியிடம் நேரில் போய்ப் பேசுங்கள். இந்த வேலைக்கு மட்டும் எவ்வளவு பாக்கி என்று எழுதி வாங்குங்கள். அந்தத் தொகையை நீங்களே கட்டுவதாகவும், கான்ட்ராக்டருக்குத் தர வேண்டிய பணத்தில் கழித்துக்கொள்வதாகவும் கான்ட்ராக்டருக்கு முன்கூட்டியே கடிதம் போடுங்கள். பிறகு ஆசாரிக்குப் பணத்தை வங்கி வழியாகக் கொடுத்து, ரசீது வாங்கி, தலைவாசலை எடுத்து வாருங்கள். இன்னொருவர் கட்ட வேண்டிய பணத்தை, அதில் அக்கறை உள்ள ஒருவர் கட்டினால் திரும்பப் பெறலாம் என்று அதே சட்டத்தின் 69-ஆவது பிரிவு சொல்கிறது. உங்கள் பொருள் மாட்டிக்கொண்டிருக்கிறதே, அந்த அக்கறை போதும். தை மாதத்துக்குள் நிலை வைத்துவிடலாம். ஆசாரியும் நாளைக்கு உங்களுக்குச் சாட்சி சொல்ல வருவார்.

மீதி வேலையை இதே கான்ட்ராக்டரே முடிக்கட்டும் என்று முடிவெடுத்தால், துணை ஒப்பந்தம் ஒன்று எழுதாமல் ஒரு செங்கல்கூட வைக்க விடாதீர்கள். எந்தப் பட்டறையில் வாங்கிய கல், என்ன கலவை, எத்தனை பூச்சு, எத்தனை நாள் இடைவெளி என்று அதில் இருக்கட்டும். மாதிரிக் கல் ஒன்றின் முதுகில் இருவரும் தேதியுடன் கையெழுத்துப் போட்டு உங்களிடம் வையுங்கள். சுவரில் ஒரு மூலையில் மாதிரிப் பூச்சு செய்து காட்டச் சொல்லி, அதை நீங்கள் ஒப்புக்கொண்ட பிறகே அடுத்த தவணை என்று எழுதுங்கள். பட்டறையில் நேரடியாகக் கல் வாங்குபவர்களுக்கும் இது பொருந்தும். மாதிரி காட்டி விற்றால் சரக்கு முழுதும் மாதிரியின் தரத்தில் இருக்க வேண்டும் என்பது 1930-ஆம் ஆண்டு சரக்கு விற்பனைச் சட்டத்தின் 17-ஆவது பிரிவு. கை வித்தியாசம் எந்த அளவு வரை ஏற்கப்படும் என்றும் ஒரு வரி சேர்த்துவிடுங்கள். அது ஆத்தங்குடிக்காரர்களுக்கும் நியாயம் செய்யும்.