பௌதிகவியல் பட்டத்தோடு மருத்துவக் கதிர்வீச்சுத் துறைக்குப் போக எம்எஸ்சி மட்டும் போதுமா?

கேள்வியின் சுருக்கம்: ஹட்டன் பக்கத்து மாணவி. பேராதனையில் பௌதிகவியல் சிறப்புப் பட்டம், இறுதியாண்டு. மருத்துவப் பௌதிகத்தில் மேற்படிப்புப் படிக்க விருப்பம். எங்கே படிப்பது, வேலை இருக்கிறதா என்று கேட்கிறார். வீட்டிலோ "எக்ஸ்ரே எடுக்கிற வேலைக்கா இவ்வளவு படிப்பு, அதுவும் ரேடியேஷனுக்குள்ளே?" என்கிறார்களாம்.

படியுங்கள். ஆனால் எம்எஸ்சி முடித்த மறுநாளே ஒரு லினாக்கை (புற்றுநோய்க் கட்டிக்குக் கதிர் செலுத்தும் இயந்திரம்) உங்களிடம் ஒப்படைக்க மாட்டார்கள், ஒப்படைக்கவும் கூடாது. எந்த எம்எஸ்சி என்று யோசிப்பதைவிட, அதற்குப் பிறகு வைத்தியசாலைக்குள் இரண்டு வருட மேற்பார்வைப் பயிற்சி எங்கே கிடைக்கும் என்று யோசியுங்கள். பெரும்பாலானோர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்.

முதலில் வீட்டாருக்கு ஒரு விளக்கம். எக்ஸ்ரே எடுப்பவர் ரேடியோகிராபர். அதற்குத் தனிப் பட்டப்படிப்பு இருக்கிறது. படத்தைப் பார்த்து அறிக்கை எழுதுபவர் ரேடியோலஜிஸ்ட். எந்தக் கட்டிக்கு எத்தனை கிரே (உடல் ஏற்கும் கதிர்வீச்சு டோஸின் அலகு) என்று தீர்மானிப்பவர் புற்றுநோய் வைத்திய நிபுணர். அவர் எழுதிய 2 கிரே இயந்திரத்திலிருந்து 2 கிரேயாகவே வருகிறதா, விழ வேண்டிய இடத்தில் விழுகிறதா என்று அளந்து கையெழுத்துப் போடுபவர் மருத்துவப் பௌதிகவியலாளர். அவர் அளவில் வரும் பிழை ஒரு நோயாளியோடு நிற்காது. அந்த இயந்திரத்தில் படுக்கும் எல்லோருக்கும் போகும்.

அந்த வேலை எப்படியிருக்கும் என்பதற்கு மலையகத்துக்கே உரிய ஓர் உதாரணம் சொல்கிறேன். லினாக்கின் வெளியீட்டை அளக்க 0.6 கன சென்டிமீட்டர் ஃபார்மர் அயன் சேம்பரை (கதிர் பட்டு உள்ளே உண்டாகும் மின்னேற்றத்தைச் சேர்க்கும் சிறு காற்றறை) தண்ணீர்த் தொட்டிக்குள் 10 சென்டிமீட்டர் ஆழத்தில் வைத்து, 10க்கு 10 சென்டிமீட்டர் கதிர்க் களத்தில் 100 மொனிட்டர் யூனிட் (இயந்திரம் தன் கதிரை எண்ணும் அலகு) கொடுத்து, எலெக்ட்ரோமீட்டரில் மின்னேற்றத்தை வாசிப்பார்கள். சர்வதேச அணுசக்தி முகவரகத்தின் டிஆர்எஸ் 398 நடைமுறை 2000ஆம் ஆண்டிலிருந்து இதற்கு அடிப்படை. சேம்பர் திறந்த வகை. உள்ளே இருப்பது அறைக் காற்று. காற்று ஐதானால் அயன்களும் குறையும், வாசிப்பும் குறையும். அதனால் ஒரு திருத்தக் காரணியால் பெருக்க வேண்டும்: (273.2 + வெப்பநிலை) ÷ 293.2, அதை 101.325 ÷ அமுக்கம் என்பதால் பெருக்குங்கள். உயர்தரத்தில் படித்த வாயு விதிதான், வேறொன்றுமில்லை.

கொழும்பில் இந்தக் காரணியின் அமுக்கப் பகுதி 1 என்ற எண்ணை ஒட்டியே இருக்கும். கண்டி ஏறத்தாழ 500 மீட்டர் உயரம். அங்கே அமுக்கம் சுமார் 95.5 கிலோபாஸ்கல். தண்ணீர் 23 பாகை என்றால் காரணி 1.072. இப்போது ஒருவர் அமுக்கமானியைத் தேடச் சோம்பல்பட்டு, கைபேசிக் காலநிலைச் செயலியைப் பார்க்கிறார் என்று வையுங்கள். அதில் 1011 ஹெக்டோபாஸ்கல், அதாவது 101.1 கிலோபாஸ்கல் என்றிருக்கும். அது பொய்யில்லை, ஆனால் கடல்மட்டத்துக்கு மாற்றிய எண். அதைப் போட்டால் காரணி 1.012. கணக்கில் வரும் டோஸ் உண்மையைவிடச் சுமார் 5.5 வீதம் குறைவு. "மெஷின் குறைவாகத் தருகிறது" என்று நினைத்து வெளியீட்டை உயர்த்திவிட்டால், அன்றிலிருந்து ஒவ்வொரு நோயாளிக்கும் ஏறத்தாழ 6 வீதம் கூடுதலாகப் போகும். மாதாந்தச் சோதனையில் வழக்கமாக அனுமதிப்பது 2 வீதம். சிகிச்சைச் சங்கிலி முழுவதற்கும் சேர்த்தே சர்வதேசப் பரிந்துரை 5 வீதம். நுவரெலியா உயரத்தில் அமுக்கம் சுமார் 81 கிலோபாஸ்கல். அங்கே இதே தவறு 20 வீதத்தைத் தாண்டும்.

இதற்கு எதிர்ப்பக்கத் தவறும் உண்டு. அணு மருத்துவப் பிரிவில் மருந்தின் கதிர்த்தொழிற்பாட்டை அளக்கும் டோஸ் கலிபிரேட்டரின் சேம்பர் மூடியது, உள்ளே அமுக்கமேற்றிய வாயு. அதற்கு இந்தத் திருத்தமே தேவையில்லை. பழக்கத்தில் போட்டால் இல்லாத பிழையை நாமே உண்டாக்குகிறோம். பிராக்கிதெரபியில் (கதிர் மூலத்தைக் கட்டிக்குள்ளோ அருகிலோ வைக்கும் சிகிச்சை) பாவிக்கும் இரிடியம் மூலத்தை அளக்கும் கிணற்றுச் சேம்பர் பெரும்பாலும் திறந்தது, அதற்குத் தேவை. கருவியின் சான்றிதழில் எது என்று இருக்கும். வாசித்துவிட்டுத் தொடுவது நல்லது.

வெப்பநிலையிலும் மலைநாட்டுக்கென்று ஒரு வில்லங்கம் இருக்கிறது. விடியற்காலைக் குழாய்த் தண்ணீர் அறையைவிடக் குளிர்ந்திருக்கும். உடனே நிரப்பி அளந்தால், சேம்பருக்குள் இருக்கும் காற்று எந்த வெப்பநிலையில் இருக்கிறது என்றே தெரியாது. 3 பாகை வித்தியாசம் 1 வீதப் பிழை. முதல்நாள் மாலையே தொட்டியை நிரப்பி வைத்துவிட்டு, காலையில் அறை வெப்பநிலையை விட்டுத் தண்ணீரின் வெப்பநிலையை எடுங்கள். ஈரப்பதன் 20 முதல் 80 வீதம் வரை தனித் திருத்தம் வேண்டாம். மூடுபனிக் காலத்தில் அதைத் தாண்டினால் கேபிள் இணைப்புகளில் கசிவு மின்னோட்டம் வரும். கதிரை நிறுத்திய பிறகும் எலெக்ட்ரோமீட்டர் எண் நகர்ந்துகொண்டிருந்தால் முதலில் இணைப்பைத் துடைத்து உலர்த்துங்கள்.

எளிய கணக்குப் பிழை எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு 1996இல் கொஸ்டாரிக்காவின் சான் ஹோசேயில் நடந்ததைப் படியுங்கள். புதிய கோபால்ட் மூலத்தை அளந்தபோது 0.3 நிமிடம் என்பதை 30 வினாடி என்று எடுத்துக்கொண்டார்கள். உண்மையில் அது 18 வினாடி. டோஸ் வீதம் குறைவாகக் கணிக்கப்பட்டதால் சிகிச்சை நேரம் நீண்டது. 115 நோயாளிகள் மிகையான கதிர்வீச்சைப் பெற்றார்கள். இன்னொருவர் தனியாக அளந்து ஒப்பிட்டிருந்தால் முதல்நாளே பிடிபட்டிருக்கும். இந்தத் துறையில் இரண்டாம் ஆளின் சரிபார்ப்பை அவமானமாக நினைப்பவர் வராமலிருப்பதே நல்லது.

படிப்புக்கு வருவோம். உங்களுக்கு அருகிலேயே பேராதனையில் விஞ்ஞானப் பட்டப்பின் படிப்பு நிறுவனம் மருத்துவப் பௌதிகத்தில் எம்எஸ்சி நடத்துகிறது. சேரும்போது ஒரு விடயத்தைக் கவனியுங்கள். இலங்கைத் தகைமைச் சட்டகத்தில் பாடநெறி மட்டும் உள்ள முதுமாணி 9ஆம் மட்டம், 30 கிரெடிட். ஆய்வும் சேர்ந்தது 10ஆம் மட்டம், 60 கிரெடிட். உள்ளூரில் பதவி உயர்வுக்குப் படிப்பவருக்கு 9 போதலாம். வெளிநாட்டுப் பயிற்சிக்கோ கலாநிதிப் பட்டத்துக்கோ போகும் எண்ணம் துளியளவு இருந்தாலும் 10ஐ எடுங்கள். செலவையும் காலத்தையும் பார்த்து 9இல் நிறுத்தியவர்கள் பிறகு விண்ணப்பிக்கும்போது ஆய்வறிக்கை எங்கே என்ற கேள்வியில் மாட்டுவார்கள்.

ஆய்வுத் தலைப்புக்குப் பெரிய உபகரணம் தேடி அலைய வேண்டாம். உங்கள் மாவட்ட வைத்தியசாலையில் சிடி இருந்தால் டோஸ் கணக்கெடுப்பு செய்யலாம். ஒரு பரிசோதனை வகைக்குக் குறைந்தது 20 நோயாளிகளின் டோஸ் எண்களை இயந்திரத்திலிருந்தே எடுத்து இடைநிலையை (மீடியன்) காணுங்கள். பல நிலையங்களின் இடைநிலைகளை வரிசைப்படுத்தினால் 75ஆவது சதமம் அந்தப் பிரதேசத்தின் குறிப்பு மட்டம். தலை சிடியையும் வயிற்று சிடியையும் ஒரே குவியலில் போடாதீர்கள். சிறுவர்களை வயதோ நிறையோ கொண்டு பிரியுங்கள். இயந்திரம் காட்டும் டோஸ் எண்ணுக்கு, தலைக்கு 16 சென்டிமீட்டர் பாண்டமும் (உடலுக்குப் பதிலாக வைத்து அளக்கும் பிளாஸ்டிக் உருளை) உடலுக்கு 32 சென்டிமீட்டர் பாண்டமும் அடிப்படை. சிறுவர் உடலுக்கு இயந்திரம் எதைப் பாவித்தது என்று பார்க்காமல் எண்ணை ஒப்பிட்டால் இரண்டு மடங்குக்குக் கிட்டப் பிசகும். நெறிமுறைக் குழு அனுமதியும் வைத்தியசாலைப் பணிப்பாளரின் அனுமதியும் மாதக்கணக்கில் இழுக்கும். முதல் தவணையிலேயே கடிதத்தைக் கொடுத்துவிடுங்கள்.

பட்டப்படிப்பில் மிச்சமிருக்கும் மாதங்களில் அணுப் பௌதிகத்தோடு புள்ளிவிபரவியலையும் பைத்தனையும் கெட்டியாகப் பிடியுங்கள். உடற்கூற்றியலைப் பிறகு படிக்கலாம். ஆனால் குறுக்குவெட்டு சிடிப் படத்தில் ஈரல் எது, சிறுநீரகம் எது, முள்ளந்தண்டு வடம் எது என்று காட்டத் தெரியாமல் திட்டமிடல் அறைக்குள் போனால் வைத்தியர்களோடு பேச முடியாது.

மேற்பார்வைப் பயிற்சியில்தான் எல்லோரும் தடுக்கி விழுகிறார்கள். முதுமாணிக்குப் பிறகு குறைந்தது இரண்டு வருட மருத்துவப் பயிற்சி என்பது சர்வதேச அணுசக்தி முகவரகத்தின் அளவுகோல். கதிர்ச் சிகிச்சைப் பயிற்சியில் எதையெல்லாம் செய்து காட்ட வேண்டும் என்ற விரிவான வழிகாட்டியை அது 2009இல் வெளியிட்டது, இணையத்தில் இலவசம். எங்கே பயிற்சிக்குப் போனாலும் அதை அச்செடுத்துக்கொண்டு போய், செய்த ஒவ்வொன்றுக்கும் திகதியும் மேற்பார்வையாளர் கையொப்பமும் வாங்குங்கள். "இரண்டு வருடம் வேலை செய்தேன்" என்ற கடிதத்தைவிட அந்தப் பதிவேடு பெறுமதியானது.

வெளிநாட்டு வழிகளில் நம்மவர்களுக்கு மிகப் பொருத்தமானது இத்தாலியின் ட்ரியஸ்ட்டே என்பேன். அங்குள்ள சர்வதேசக் கோட்பாட்டுப் பௌதிக நிலையமும் ட்ரியஸ்ட்டே பல்கலைக்கழகமும் சேர்ந்து நடத்தும் இரண்டு வருட முதுமாணியில் ஒரு வருடம் பாடம், மறு வருடம் வைத்தியசாலைப் பயிற்சி. வளர்முக நாட்டவருக்குப் புலமைப்பரிசிலும் உண்டு. போட்டி கடுமை, விண்ணப்பக் கடிதத்தில் "புற்றுநோயாளிகளுக்கு உதவ வேண்டும்" என்று பக்கம் நிரப்பாமல், என்ன அளந்தீர்கள், நிச்சயமின்மை எவ்வளவு என்று எழுதுங்கள். தமிழ்நாட்டில் அண்ணா பல்கலைக்கழகத்தில் எம்எஸ்சி இருக்கிறது. மொழியும் தூரமும் வசதி. அமெரிக்காவில் படிப்பும் அதற்குப் பிறகான இரண்டு வருட ரெசிடென்சியும் (வைத்தியசாலை மேற்பார்வைப் பயிற்சி) கேம்பெப் என்ற மருத்துவப் பௌதிகக் கல்வி அங்கீகார அமைப்பின் அங்கீகாரம் பெற்றிருக்க வேண்டும். அங்கே படிப்பில் இடம் கிடைப்பதைவிட ரெசிடென்சி இடம் கிடைப்பது கஷ்டம். இதைத் தெரியாமல் கடன் வாங்கிக்கொண்டு போகாதீர்கள். அவுஸ்திரேலியாவில் பயிற்சி இடம் ஊதியத்துடன் கூடிய வேலை, சில வருடங்கள் எடுக்கும்.

இலங்கையில் வேலை என்றால் மகரகம அபேக்ஷா வைத்தியசாலை, கண்டி, கராப்பிட்டி, தெல்லிப்பழை போன்ற அரச நிலையங்களும் கொழும்புத் தனியார் வைத்தியசாலைகளும்தான் முதலில் வரும். நிலையங்களே குறைவு என்பதால் வெற்றிடமும் குறைவு. வீட்டுக்குப் பக்கத்தில்தான் வேண்டும் என்றால் வருடக்கணக்கில் காத்திருக்க நேரலாம். பலர் கவனிக்காத இடங்கள் இரண்டு. 2014ஆம் ஆண்டின் 40ஆம் இலக்க அணுசக்திச் சட்டம் பழைய அதிகாரசபையைப் பிரித்து, அனுமதிப்பத்திரமும் பரிசோதனையும் செய்யும் ஒழுங்குபடுத்தும் பேரவை ஒன்று, அணுசக்தி சபை ஒன்று என்று இரண்டாக்கியது. சபையிடம் கருவிகளைக் கலிபரேஷன் செய்யும் ஆய்வுகூடமும் கதிர்வீச்சுப் பணியாளர்கள் தாம் பெறும் டோஸை அளக்க அணியும் பட்டிகளை வாசிக்கும் சேவையும் இருக்கின்றன. அளவியலில் ருசி உள்ளவருக்கு வைத்தியசாலையைவிட இது பொருந்தலாம். இயந்திரம் விற்கும் நிறுவனங்களின் பிரயோக நிபுணர் வேலையில் சம்பளம் நன்றாக இருக்கலாம், பயணமும் அதிகம். ஆனால் அந்த அனுபவத்தை மருத்துவப் பயிற்சியாக எல்லா இடத்திலும் ஏற்க மாட்டார்கள்.

வைத்தியசாலை வேலையில் நேரம் ஒழுங்காக இராது. நோயாளிகள் வருமுன் காலைச் சோதனை, பகலில் திட்டமிடல், கடைசி நோயாளி போன பிறகுதான் அளவீட்டுக்கு இயந்திரம் கையில் வரும். அறிக்கை ஆங்கிலத்தில், ஊழியர்களோடு பேச்சு பெரும்பாலும் சிங்களத்தில். கண்டிக்கு வரும் தோட்டப்புற நோயாளி ஒருவருக்கு, முகத்தில் வலைமுகமூடி ஏன் போடுகிறோம், அதற்குள் ஏன் அசையக் கூடாது என்று தமிழில் சொல்ல ஆள் இருந்தால் அமைதியாகக் கிடப்பார். அவர் 5 மில்லிமீட்டர் அசைந்தால் நாம் செய்த கணக்கெல்லாம் வீண்.

வீட்டாரின் பயத்துக்கு நேரான பதில்: பணியாளருக்கான எல்லை ஐந்து வருட சராசரியாக வருடத்துக்கு 20 மில்லிசீவேர்ட் (கதிர்வீச்சுப் பாதுகாப்பில் டோஸை அளக்கும் அலகு), எந்தத் தனி வருடத்திலும் 50ஐத் தாண்டக் கூடாது. லினாக் மின்சாரத்தில் இயங்குவது, நிறுத்தினால் கதிரும் நிற்கும். 10 மெகாவோல்ட்டுக்கு மேல் இயக்கிய உடனே உள்ளே போனால் மட்டும் சிறிதளவு தூண்டப்பட்ட கதிர்த்தொழிற்பாடு இருக்கும், சில நிமிடம் பொறுத்தால் குறைந்துவிடும். கவனம் வேண்டியது கோபால்ட், இரிடியம் போன்ற நிறுத்த முடியாத மூலங்களிலும் அணு மருத்துவத்தின் திரவ அயடீனிலும்தான். டோஸ் பட்டியை மார்பில் அணியுங்கள். மேசை இழுப்பறையில் வைத்துவிட்டு "பூச்சியம்தான் வந்தது" என்று சொல்லாதீர்கள். கர்ப்பம் தெரிந்தவுடன் எழுத்தில் அறிவியுங்கள். அதன் பிறகு சிசுவுக்கு 1 மில்லிசீவேர்ட்டைத் தாண்டாதபடி வேலையை மாற்றித் தருவது நிர்வாகத்தின் கடமை.

இந்த மாதமே செய்யக்கூடியது ஒன்று. கண்டிக் கதிர்ச் சிகிச்சைப் பிரிவுக்கு உங்கள் துறைத் தலைவர் மூலம் கடிதம் எழுதி, ஒரு மாலை அளவீட்டைப் பார்க்க அனுமதி கேளுங்கள். கிடைத்தால், அவர்கள் அமுக்கத்தை எந்தக் கருவியில் எடுக்கிறார்கள், அது கடைசியாக எப்போது ஒப்பிடப்பட்டது என்று கேட்டுப் பாருங்கள்.