ஒன்பது ஏ எடுத்த பிள்ளை படநூல் செய்யப் போகலாமா?

அன்புள்ள அம்மாவுக்கு,

சென்ற சனிக்கிழமை நீங்கள் விசுவமடுவிலிருந்து மகனையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தபோது, சாதாரண தரத்தில் ஒன்பது பாடங்களிலும் ஏ எடுத்தவன் உயர்தரத்தில் உயிரியல் படிக்க மாட்டேன் என்று நிற்கிறான், படப்புத்தகம் செய்யப் போகிறானாம் என்று சொல்லிக் கண் கலங்கினீர்கள். யோசிக்க வேண்டாம், எல்லாம் சரிவரும் என்று சொல்லி அனுப்பினேன். அழுகிறவரிடம் எவரும் சொல்லும் வார்த்தை அது. ஆலோசனையை இப்போதுதான் எழுதுகிறேன். கனடாவிலிருக்கும் உங்கள் அண்ணாவுக்கு இது பிடிக்காது.

மகனை உயிரியல் பிரிவில் சேர்க்காதீர்கள். முதல் தடவை சரிவராவிட்டால் இரண்டாம் தடவை, அதுவும் தவறினால் மூன்றாம் தடவை என்று எழுதி எழுதிக் களைத்து, இருபத்தொரு வயதில் என் முன்னால் வந்து தலை குனிந்திருக்கும் பிள்ளைகளை ஒவ்வோர் ஆண்டும் காண்கிறேன். அவர்களிற் பலர் நல்ல பெறுபேற்றோடு, ஆனால் விருப்பமில்லாமல் அந்தப் பிரிவுக்குப் போனவர்கள். யாழ்ப்பாணத்தில் அறை எடுத்து ரியூசனுக்கு விடுவதற்காக வயலை ஈடு வைக்கலாம் என்றீர்கள். மீளக் குடியேறிய பின் பற்றை வெட்டித் திருத்திய அந்த இரண்டு ஏக்கரில், பிள்ளை கேட்காத படிப்புக்காகக் கை வைக்கக் கூடாது. இந்த இடத்தில் நான் இளக மாட்டேன்.

நீங்கள் பேசிக்கொண்டிருந்த நேரம் மகன் என் மேசையிலிருந்த ஒரு புகைப்பட நூலை எடுத்துப் பார்த்தான். படங்களைப் பார்ப்பதற்கு முன் முதுகுத் தையலைத் தடவினான். பிறகு நடுவில் விரித்து, "சேர், இந்த மனுசியின்ர முகம் மடிப்புக்குள்ள போயிட்டுது" என்றான். அந்த நூல் பல ஆண்டுகளாக என்னிடம் இருக்கிறது. இரு பக்கங்களுக்குக் குறுக்கே வைத்த அந்தப் படத்தில் முகம் விழுங்கப்பட்டிருப்பதை நான் கவனித்ததேயில்லை. அவனுடைய நாட்டத்துக்கு இதற்கு மேல் எனக்குச் சான்று வேண்டியதில்லை.

அவன் சொல்லும் தொழிலுக்கு நூல் வடிவமைப்பு என்று பெயர். ஓவியம், புகைப்படம், கட்டடக்கலை பற்றிய படநூல்களில் எழுதுபவருக்கும் படம் எடுப்பவருக்கும் சமமான பங்கு வடிவமைப்பாளருக்கு உண்டு. எந்தப் படம் முழுப்பக்கம், எது தபால் தலையளவு, எங்கே வெறும் வெள்ளை விட வேண்டும் என்பதெல்லாம் அவர் கையில். ஒரு தாளை மூன்று தடவை மடித்தால் பதினாறு பக்கம் வரும் என்பதால் பக்கக் கணக்கு பெரும்பாலும் பதினாறு பதினாறாக வர வேண்டும். திரையில் சிவப்பு, பச்சை, நீல ஒளியாகத் தெரிவது அச்சில் சயன் எனும் வெளிர்நீலம், மஜெந்தா எனும் இளஞ்சிவப்பு, மஞ்சள், கறுப்பு மையாக மாறும்போது வயற் பச்சை மங்கும். அதை முன்கூட்டியே கணித்துத் திருத்த வேண்டும். எட்டு அங்குல அகலத்தில் படம் தெளிவாக விழ 2400 படப்புள்ளிகள் தேவை. வாட்ஸ்அப்பில் வந்த படம் பெரும்பாலும் அதற்குக் காணாது. தமிழுக்கோ தனிச் சிக்கல். 'கீ'யின் சுழி மேலே போகும், 'ழு' கீழே இறங்கும். ஆங்கிலத்துக்கு விடும் வரி இடைவெளி நமக்குப் போதாது. பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்ததை யூனிகோடுக்கு மாற்றும்போது எழுத்துகள் சிதறுவதைக் கண்ணில் எண்ணெய் விட்டுப் பார்க்கவும் ஆள் வேண்டும்.

வன்னியில் இதற்கு வேலை எங்கே என்று கேட்டீர்கள். அந்தியேட்டிக்குக் கொடுக்கும் கல்வெட்டு என்ற நினைவு நூல், கும்பாபிஷேக மலர், பாடசாலை ஆண்டு மலர் என்று நம் ஊரில் படத்தோடு அச்சாகும் நூலுக்குக் குறைவில்லை. நன்றாகச் செய்பவர்தான் குறைவு. அடையாள அட்டையிலிருந்த ஒரேயொரு படத்தைத் தவிர வேறெதுவும் மிஞ்சாத வீடுகள் இங்கே எத்தனை! அந்தச் சிறு படத்தைக் கறை நீக்கி, முகம் கெடாமல் முழுப்பக்கத்துக்கு எடுப்பது தனித் தேர்ச்சி. இடம்பெயர்ந்தவர்கள் விட்டுவந்த வீடுகளின் தள வரைபடத்தை நினைவிலிருந்து வரையச் செய்து, அவற்றோடு தம் ஓவியங்களையும் சேர்த்து, யாழ். பல்கலைக்கழகத்தில் கற்பிக்கும் ஓவியர் தா. சனாதனன் உருவாக்கிய ஒரு நூல் 2011இல் வெளிவந்தது. தோம்பு என்ற பழைய காணிப்பதிவேட்டின் பெயரை அந்த நூல் தாங்கியிருக்கிறது. நம்மிடம் உள்ளதைக் கொண்டே உலகத் தரத்தில் படநூல் செய்யலாம் என்பதற்கு அண்ணாவிடம் இதைச் சொல்லுங்கள். மாதச் சம்பளம் போல் வருமானம் உடனே வராது, தொடக்கத்தில் ஒரு மலருக்கும் அடுத்ததற்கும் இடையில் கை வறண்டிருக்கும் என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

உயர்தரத்தில் சித்திரம், தமிழ், தொடர்பாடலும் ஊடகக் கற்கையும் எடுக்கட்டும். அதன்பின் யாழ். பல்கலைக்கழகத்தின் சித்திரமும் வடிவமைப்பும், மட்டக்களப்பில் சுவாமி விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகம், மொறட்டுவையின் வடிவமைப்புப் பட்டம் ஆகியன உண்டு. இவை அரச நிறுவனங்கள். கற்கைக் கட்டணம் கிடையாது. பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கைநூலில் ஒவ்வொன்றின் தகுதியையும் செய்முறைப் பரீட்சை விபரத்தையும் இப்போதே பார்த்து வைத்தால் பாடத்தெரிவில் பிழை வராது. மொறட்டுவையில் ஆங்கிலத்தில்தான் கற்பிப்பார்கள். வயலை ஈடு வைக்காமல் ரியூசனுக்குக் கொடுக்க முடிந்த காசில் ஒரு பங்கு ஆங்கிலத்துக்குப் போகட்டும். விலையான மென்பொருளோ வரைபலகையோ இப்போது வாங்கிக் கொடுக்காதீர்கள். ஸ்கிரைபஸ், இங்ஸ்கேப், கிரிட்டா மூன்றும் இலவசம். வீட்டிலிருக்கும் பழைய மடிகணினி தொடக்கத்துக்குப் போதும்.

அண்ணா ஏதாவது உதவி செய்ய விரும்பினால், காசு அனுப்ப வேண்டாம் என்று சொல்லுங்கள். அடுத்த முறை பெட்டி போடும்போது புதிதாக வந்த ஓவிய, புகைப்பட, வடிவமைப்பு நூல்கள் இரண்டு மூன்றை உடுப்புகளுக்கு நடுவில் வைத்து அனுப்பட்டும். அட்டையின் மூலை நசுங்காமல் சுற்றச் சொல்லுங்கள், உங்கள் மகன் முதலில் அதைத்தான் பார்ப்பான்.