டீச்சரைக் கேளுங்கள்: சொந்த ஊர் எது?

தாத்தாவும் அம்மாச்சியும் 1974-ல் சிலோனிலிருந்து வந்தவர்கள். அம்மாவும் நானும் இங்கேதான் பிறந்தோம். கல்லூரியில் 'சொந்த ஊர் எது?' என்று கேட்டால் தடுமாறுகிறேன். என்ன சொல்லட்டும், டீச்சர்?
(வாசகி, குன்னூர்)

குன்னூர் என்று சொல்லம்மா. நம் பக்கம் பாதிப் பேர் ஊரைக் கேட்பதே சாதியைத் தெரிந்துகொள்ளத்தான். அவர்களுக்குக் குன்னூர் போதாது. போதாமலே இருக்கட்டும்.

நான் இலங்கை மலையகத்தில் அட்டன் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீட்டில் பிறந்தவள். அங்கே எங்களுக்குப் பெயர் இந்தியாக்காரர்கள். ராமேஸ்வரம் பக்கம் மண்டபம் முகாமுக்கு வந்ததும் சிலோன்காரர்கள் ஆனோம். அப்பாவுக்குத் துறையூர் பக்கம் பூர்வீகம். கோத்தகிரியில் வேலை கிடைத்ததும் புதுச்சட்டை போட்டு எங்களையெல்லாம் துறையூருக்குக் கூட்டிப்போனார். மூன்று தலைமுறைக்கு முன் போனவர்களின் பிள்ளைகள் திடீரென்று வாசலில் வந்து நின்றால் என்ன நினைப்பார்கள்? நிலத்தில் பங்கு கேட்க வந்திருக்கிறோமோ என்று பங்காளிகளுக்குப் பயம். நல்ல சோறு போட்டார்கள், மறுநாள் காலையிலேயே பஸ்ஸும் ஏற்றிவிட்டார்கள். அதற்கப்புறம் யார் கேட்டாலும் அப்பா கோத்தகிரி என்றுதான் சொன்னார்.

சிலோன் தோட்டத் தமிழர்களில் விண்ணப்பம் போட்டவர்களைத்தானே இந்தியாவுக்கு அனுப்பினார்கள், விரும்பித்தானே வந்தார்கள் என்கிறார் என் நண்பர். சரியா?
(வாசகர், வால்பாறை)

விண்ணப்பம் போட்டது உண்மை. ஏன் போட்டோம் என்பதையும் அவர் கேட்க வேண்டும். 1948-ல் இலங்கை கொண்டுவந்த குடியுரிமைச் சட்டத்தால் தோட்டத் தொழிலாளர்களில் பெரும்பாலோர் நாடற்றவர்கள் ஆனார்கள். அடுத்த வருடம் ஓட்டும் போயிற்று. 1964 அக்டோபர் 30-ல் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் செய்துகொண்ட ஒப்பந்தத்தில் 9,75,000 பேரை எண்ணி, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று எழுதினார்கள். மிச்சமிருந்த 1,50,000 பேரை 1974-ல் இந்திரா காலத்தில் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். எங்களில் ஒருவரையும் கூப்பிட்டுக் கேட்கவில்லை.

அந்த 1973, 74-லேயே தோட்டங்களில் பட்டினிச் சாவு. 1977-ல் கலவரம். பெரியப்பா இலங்கைப் பிரஜாவுரிமைக்கு எழுதிப் போட்டார், அப்பா இந்தியாவுக்குப் போட்டார். ஒரே லயம், அடுத்தடுத்த காம்பரா (அறை). தலைமன்னாருக்கு எங்களை ஏற்றிப்போன ரயிலை மலையகத்தில் 'அழுகைக் கோச்சி' என்பார்கள், கோச்சி என்றால் ரயில். விரும்பிப் போகிறவர்களின் ரயிலுக்கு இப்படியா பெயர் வைப்பார்கள்? நண்பரிடமே கேளுங்கள்.

இந்தியா, இலங்கை கிரிக்கெட் என்றால் நீங்கள் எந்தப் பக்கம்?
(வாசகர், கூடலூர்)

நான் இந்தியா. 1996 உலகக் கோப்பை அரையிறுதியில் இலங்கை ஜெயித்தபோது அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார். முரளி பந்து போட வந்தால் மட்டும் வீடே அம்மா பக்கம்தான்!

நான் இங்கே அகதிகள் முகாமில் பிறந்தவன். எங்கள் தாத்தாவும் தேயிலைத் தோட்டத்துக்காரர்தான். உங்களுக்குக் கிடைத்த குடியுரிமை எங்களுக்கு ஏன் இல்லை?
(வாசகர், ஈரோடு)

நியாயமான கோபம், தம்பி. நாங்கள் ஒப்பந்தக் கணக்கில் கப்பலேறி வந்தோம். உங்கள் வீட்டார், 1977 கலவரத்துக்குப் பின் வவுனியாப் பக்கம் ஒதுங்கிய பலரைப்போல, பிறகு உயிர்தப்பிப் படகில் வந்திருப்பார்கள். தோட்டம் ஒன்றுதான். ஆனால் சட்டம் தோட்டத்தைப் பார்ப்பதில்லை, தாளைத்தான் பார்க்கிறது. 2021-ல் தமிழக அரசு அகதிகள் முகாமை மறுவாழ்வு முகாம் என்று மாற்றியது. நல்லதுதான், ஆனால் பெயர்ப்பலகையோடு குடியுரிமை வந்துவிடாது. 2019 குடியுரிமைச் சட்டத் திருத்தத்திலும் இலங்கை இல்லை.

நீ எந்த வருடம் பிறந்தாய் என்று எழுதவில்லை. 1987 ஜூலை 1-க்கு முன் இந்தியாவில் பிறந்திருந்தால் பிறப்பாலேயே குடியுரிமை உண்டு. மண்டபம் முகாமில் 1986-ல் பிறந்த ஒரு பெண்ணுக்கு பாஸ்போர்ட் கொடுக்கச் சொல்லி 2022-ல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டிருக்கிறது. நீ 1987 ஜூலை 1-லோ அதற்குப் பிறகோ பிறந்தவன் என்றால் பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இருக்க வேண்டும். 2004 டிசம்பரிலிருந்து விதி இன்னும் இறுக்கம்.

எதற்கும் தாத்தாவின் பழைய பெட்டியைக் கிளறிப் பார். கண்டியிலிருந்த இந்திய அலுவலகம் கொடுத்த பாஸ்போர்ட்டோ குடும்ப அட்டையோ கிடைத்தால் நகலெடுத்துக்கொண்டு இந்த வழக்குகள் நடத்திப் பழகிய ஒரு வக்கீலைப் போய்ப் பார். அசல் தாளை மட்டும் லேமினேட் செய்துவிடாதே, முத்திரையைச் சோதிக்க முடியவில்லை என்று அதற்கும் ஒரு வருடம் அலையவிடுவார்கள்.