திரும்பி வந்தால் இயற்பியல் மாற்றம் என்பது சரியா?

"பழைய நிலைக்குத் திரும்பினால் இயற்பியல் மாற்றம், திரும்பாவிட்டால் வேதியியல் மாற்றம். இந்த விதி சரிதானே?" என்று கேட்டிருக்கிறீர்கள். பரீட்சைக்குப் படிக்கிறீர்கள் போல. சரியில்லைங்க. கிழித்த காகிதம் பழையபடி ஆகாது, ஆனாலும் அது காகிதம்தான். புதுப் பொருள் உண்டானதா என்று மட்டும் பாருங்கள்.

எங்கள் தாத்தா சுண்ணாம்புக் காளவாய் வைத்திருந்தவர். அதனாலேயே இந்த விதியைக் கண்டால் எனக்குப் பொறுக்காது. சுண்ணாம்புக்கல்லைச் சுட்டால் கார்பன் டை ஆக்சைடு போய்விடும். சுத்தமான கல் 100 கிலோ முழுக்க வெந்தால் 56 கிலோதான் மிஞ்சும். பார்வைக்கு அதே கல். கையில் எடுத்தால்தான் லேசாக இருப்பது தெரியும். தொட்டியில் போட்டுத் தண்ணீர் ஊற்றினால் கொஞ்ச நேரம் சும்மா கிடக்கும். அப்புறம் விரிசல் விட்டுச் சீறும், பொரிந்து மாவாகும், அடுப்பில்லாமலே தண்ணீர் கொதிக்கும். கண்ணில் தெறித்தால் பார்வையே போகும் என்று பிள்ளைகளைக் கிட்டவே விடமாட்டார். சுட்ட கல் தண்ணீரோடு சேர்ந்து கால்சியம் ஹைட்ராக்சைடு ஆவது வேதியியல் மாற்றம். அந்தச் சூட்டில் மீதித் தண்ணீர் ஆவியாவது இயற்பியல் மாற்றம். இரண்டும் ஒரே தொட்டியில்தான் நடக்கிறது.

இந்தச் சுண்ணாம்பைச் சுவரில் அடித்த பிறகு முதலில் ஈரம் காயும். பிறகு காற்றில் இருக்கும் கார்பன் டை ஆக்சைடை மெல்ல இழுத்து மறுபடி கால்சியம் கார்பனேட் ஆகும். கிளம்பின இடத்துக்கே வந்தாயிற்று, அதுவும் வேதியியல் மாற்றங்கள் வழியாகவே. அதே கல்லைச் சுடாமல் வெறுமனே பொடித்துத் தண்ணீரில் கலக்கி அடித்துப் பாருங்கள், காய்ந்ததும் உள்ளங்கையோடு வந்துவிடும்.

"சின்னப் பிள்ளைகளுக்கு இவ்வளவு தேவையா" என்று யாராவது வருவீர்கள். எளிமையாகச் சொல்லிக்கொடுங்கள், நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. தப்பாகச் சொல்லிக்கொடுக்காதீர்கள். மீளும் வேதியியல் மாற்றத்துக்குச் சுண்ணாம்பை உதாரணமாக எழுதியதற்கு என் மகளுக்கு மதிப்பெண் தரவில்லை.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். பழைய சுண்ணாம்புச் சுவர் மேல் பிளாஸ்டிக் பெயிண்டை அடித்துவிட்டு, மழைக்காலத்தில் கொப்புளம் கிளம்பினால் "சுண்ணாம்புச் சுவரே இப்படித்தான்" என்கிறார்கள். சுண்ணாம்பு ஈரத்தை வெளியே விடும். மேலே அடித்த பெயிண்டுதான் விடவில்லை.